நாற்பத்தொன்று இருந்தால் தள்ளிவிடு

ஜூன் 11, செவ்வாய்

அன்புள்ள அக்காவுக்கு,

இதை விடுதித் தபால்பெட்டியில் போடவில்லை. அதில் போட்டால் வார்டன் பிரித்துப் பார்ப்பார். சலவைக்கார அம்மா அழுக்குத் துணி மூட்டைக்குள் வைத்து வெளியே கொண்டுபோய்ப் போடுகிறேன் என்று சொல்லியிருக்கிறார். நீயும் அவருடைய வீட்டு விலாசத்துக்கே எழுது. பின்னால் குறித்திருக்கிறேன்.

கழிப்பறை நடையில் வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்திருக்கிறேன். இங்கே ஒரு விளக்கை மட்டும் அணைப்பதில்லை. கையெழுத்து கோணலாக இருந்தால் திட்டாதே.

நான் ஒன்று செய்துவிட்டேன். எங்கள் கூடத்துத் தலைவியைப் பற்றி உனக்குச் சொல்லியிருக்கிறேன். கலெக்டர் என்று நாங்கள் கூப்பிடுகிறவள். சோப்பு வேண்டுமா, வீட்டுக்குப் பேச வேண்டுமா, எல்லாவற்றுக்கும் அவளிடம் மனுப் போட வேண்டும். அவளுக்குப் பிடிக்காத சின்னப் பிள்ளைகளைத் துணி உலர்த்தும் அறையில் வைத்துப் பூட்டுவாள். அங்கே சூடுகாற்று ஊதும் யந்திரம் இருக்கிறது. போன மாதம் ஒரு பிள்ளை மயங்கி விழுந்தாள். நான் பொறுக்க முடியாமல் ஆலோசகர் மேடத்திடம் போய்ச் சொல்லிவிட்டேன். அவர் டேப்லெட்டில் எழுதிக்கொண்டார். "பயப்படாதம்மா, இது எனக்கும் இந்தப் பலகைக்கும் நடுவுல" என்றார்.

நேற்று இருமல் மருந்துக்காக வார்டன் அறைக்குப் போனேன். கம்ப்யூட்டர் திறந்திருந்தது. தலைமை அலுவலகத்திலிருந்து தினமும் வருகிற அட்டவணை. அதில் புதிதாக ஒரு பத்தி முளைத்திருக்கிறது, அக்கா. மேலே 'சொன்னவர்' என்று தலைப்பு. கீழே எல்லாம் காலி. ஒரே ஒரு வரியில் மட்டும் எண் இருந்தது.

41. என் கட்டில் எண்.

வார்டனுக்குக் கண்ணாடி போட்டாலும் எழுத்து மங்கல். கலெக்டர்தான் தினமும் காலையில் அதைப் படித்துச் சொல்வாள். நான் மேடத்திடம் சொல்வதற்கு முன்பே அவள் மஞ்சள் காமாலையில் வீட்டுக்குப் போய்விட்டாள். இருபத்துநாலாம் தேதி திங்கட்கிழமை திரும்பி வருகிறாள். வந்ததும் முதல் வேலை அதைப் படிப்பதுதான்.

அந்த அலுவலகத்தில்தானே நீ இருக்கிறாய். அந்தப் பத்தியை எடுத்துவிடு அக்கா.

உன் சில்லு

*

ஜூன் 14, வெள்ளி

சில்லு,

நுணலும் தன் வாயால் கெடும் என்று ஆறாம் வகுப்பில் உனக்கு மனப்பாடம் செய்வித்தவள் நான்தான். என்ன பிரயோஜனம்? உன்னைப் பூட்டினார்களா? இல்லை. யாரையோ பூட்டியதற்கு நீ ஏன் போய் வாயைத் திறந்தாய்? அங்கே நீ காசில்லாமல் படிப்பது நான் இங்கே வேலை பார்ப்பதால். நான் இங்கே வேலை பார்ப்பது யார் வாயிலும் விழாமல் இருப்பதால். இது உனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

அந்தப் பத்தியை உண்டாக்கியவளும் நான்தான். வேறு யாரோ சொல்லி உனக்குத் தெரிவதைவிட நானே சொல்லிவிடுகிறேன்.

எட்டுப் பள்ளிகளின் குறிப்புகளும் டாக்குமென்ட் டேட்டாபேஸ் என்ற ஒன்றில் போய்ச் சேருகின்றன. அதை மூட்டைகள் கிடக்கும் அறை என்று வைத்துக்கொள். ஒரு மூட்டையில் நாலு துணி இருக்கும், இன்னொன்றில் நாற்பது இருக்கும், யாரும் கேட்க மாட்டார்கள். உங்கள் மேடம் தன் இஷ்டத்துக்கு எதையும் எழுதலாம். ஆனால் நிர்வாகிகளுக்கு எல்லாம் ஒரே அட்டவணையாக வேண்டும். அதற்குத்தான் கிளவுடில் டேட்டா வேர்ஹவுஸ். அது பெயர் ஒட்டிய தட்டுகள் கொண்ட அலமாரி. மூட்டையைப் பிரித்து அலமாரியில் அடுக்கும் வேலையை நான் ஒரு வரி நிரல்கூட எழுதாமல் செய்தேன். திரையில் பெட்டிகளை இழுத்து வைத்து அம்புக்குறியால் கோக்க வேண்டும், அவ்வளவுதான். எங்கள் மேனேஜர் அதைக் காட்டித்தான் நிர்வாகிகளிடம் கைதட்டல் வாங்கினார்.

கடைசியில் ஒரு கேள்வி கேட்டது. 'புதிய புலம் வந்தால் தானாகவே புதிய பத்தி சேர்க்கவா?' புலம் என்றால் குறிப்பில் யாராவது புதிதாகச் சேர்க்கும் தலைப்பு. நான் டிக் போட்டேன். போடாவிட்டால் ஒவ்வொரு முறையும் என்னைத்தான் எழுப்பிக் கேட்பார்கள். உங்கள் மேடம் யார் சொன்னது என்பதைத் தனியாகக் குறித்து வைப்பார் என்று நான் கனவா கண்டேன்? வேறு எந்தப் பள்ளியிலும் யாரும் அப்படி எழுதுவதில்லை.

மேனேஜரிடம் கேட்டேன். பெயர் சொல்லவில்லை. "பத்தியை எடுக்கணும்னா எட்டு ஸ்கூல்லயும் கையெழுத்து வாங்கிட்டு வா. என்ன அவசரம், உன் வீட்டுக் கல்யாணமா?" என்றார்.

மேடத்திடம் சொல்லி அந்தக் குறிப்பை அவரையே அழிக்கச் சொல். மூட்டை போனால் துணியும் போய்விடும்.

அக்கா

*

ஜூன் 16, ஞாயிறு

அக்கா,

மேடம் அழித்துவிட்டார். என் கண் முன்னாலேயே விரலால் ஒதுக்கித் தள்ளினார். காரணம் கேட்டார். வயிற்றுவலியில் உளறிவிட்டேன் என்றேன். "நெஜமாவா?" என்றார். "ஆமா மேடம், பொய் சொல்லிட்டேன்" என்றேன். அந்த மயங்கி விழுந்த பிள்ளை வெளியே வரிசையில் நின்றுகொண்டிருந்தாள். அவளுக்குக் கேட்டிருக்கும்.

ஆனால் இன்று காலையில் மறுபடி இருமிக்கொண்டே வார்டன் அறைக்குப் போனேன். 41 அப்படியேதான் இருக்கிறது. மூட்டை போய்விட்டது, துணி போகவில்லை. நீ சொன்னது நடக்கவில்லை.

இப்போது எனக்கு இரண்டு பக்கமும் அடி. மேடத்திடம் பொய்க்காரி ஆகிவிட்டேன். கலெக்டரிடம் உண்மை சொன்னவள் ஆகப்போகிறேன். நடைக்கு யாரோ வருகிற மாதிரி இருந்ததால் இப்போது 14ஆம் கட்டிலில் உட்கார்ந்து எழுதுகிறேன். அதற்கு நேர் மேலே ஓட்டு ஒழுக்கு, அதனால் யாரும் இல்லை. மெத்தை ஈரம். இன்னும் எட்டு நாள்தான் இருக்கிறது.

நீ திட்டினால் பரவாயில்லை. திட்டிக்கொண்டே ஏதாவது செய்.

சில்லு

*

ஜூன் 20, வியாழன்

சில்லு,

தப்பு என்னுடையதுதான், ஒப்புக்கொள்கிறேன். நான் கோத்த இணைப்புக்குப் புதிதாக வந்தது தெரியும், மாறியது தெரியும். அழிந்தது தெரியாது. அந்தப் பக்கம் அழித்தால் இந்தப் பக்கத்துக்கு யாரும் வந்து சொல்வதில்லை. அழிப்பதற்கென்று தனி அம்பு போட வேண்டும். நான் போடவில்லை. எழவு வீட்டுச் செய்தியைக்கூட ஆள் விட்டுச் சொன்னால்தானே தெரிகிறது.

வரியையே நீக்க எனக்கு அனுமதி இல்லை. திருத்த அனுமதி உண்டு, தட்டச்சுப் பிழைகளுக்காக. எண்ணைக் காலியாக விடவும் முடியாது, ஒருமுறை நிரப்பிய கட்டம் காலியானால் மேனேஜருக்கு எச்சரிக்கை போகும். அதனால் ஒன்று செய்தேன். 41ஐ 14 ஆக்கிவிட்டேன். இலக்கம் மாறி விழுந்த பிழை போலத்தான் தெரியும். காலிக் கட்டில் என்று நீதானே எழுதியிருந்தாய். ஆளில்லாத கட்டிலை அவள் என்ன செய்துவிடுவாள்? ஈர மெத்தையை உதைக்கட்டும்.

இனி நிம்மதியாகப் படி. இந்தக் கடிதத்தைக் கிழித்துத் தண்ணீரில் விடு.

அக்கா

*

ஜூன் 25, செவ்வாய்

அக்கா,

14 காலியாக இல்லை.

உன் கடிதம் எனக்குச் சனிக்கிழமை காலை கிடைத்தது. அன்று சாயங்காலமே ஓடு மாற்றி, மெத்தையைக் காயவைத்து, ஏழாம் வகுப்புக்குப் புதிதாக வந்த ஒரு பிள்ளையை அங்கே போட்டார்கள். பன்னிரண்டு வயது. முன்பல் கொஞ்சம் தூக்கல். வந்த உடனே கட்டிலுக்கடியில் இரண்டு ஜோடிச் செருப்பையும் நூல் பிடித்த மாதிரி வைத்தாள். எல்லாரையும் அக்கா அக்கா என்று கூப்பிடுகிறாள். உனக்கு எழுத எனக்குச் சனி ராத்திரியும் ஞாயிறு ராத்திரியும் இருந்தன. நான் எழுதவில்லை. எழுதினாலும் போய்ச் சேராது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

திங்கட்கிழமை காலை கலெக்டர் வந்தாள். இளைத்துப் போயிருந்தாள், கண் இன்னும் மஞ்சள். வார்டன் அறைக்குப் போய்விட்டு நேராகக் கூடத்துக்கு வந்தாள்.

"பதினாலு யாரு?"

"நான்தான்கா" என்று அந்தப் பிள்ளை கையைத் தூக்கினாள். பரிசு கொடுக்கக் கூப்பிடுகிற மாதிரி எழுந்து நின்றாள்.

"என்னைப் பத்தி எழுதிக் குடுத்தியாமே?"

"அய்யோ, நான் வந்தே ரெண்டு நாள்தானேக்கா ஆகுது."

"ரெண்டு நாள்ல இவ்ளோ வாயா?"

எல்லாரும் சிரித்தார்கள். அந்த வரியில் மே மாதத் தேதி இருக்கிறது, அக்கா. அவள் அதைப் பார்க்கவில்லை என்று நினைத்தேன். பிறகு புரிந்தது, பார்த்திருப்பாள். அவளுக்கு வேண்டியது ஆள், தேதி இல்லை.

பள்ளி விட்டதிலிருந்து சாப்பாட்டு மணி வரைக்கும் உலர்த்தும் அறை. கதவுக்குப் பக்கத்தில்தான் நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். முதலில் தட்டினாள். அப்புறம் உள்ளேயிருந்து வாய்ப்பாடு சொல்கிற சத்தம் கேட்டது. பதினேழாம் வாய்ப்பாட்டில் நின்றுவிட்டது.

14ஐ மாற்றிவிடு. ஆனால் 41 போடாதே. அதை மட்டும் போடாதே.

சில்லு

*

ஜூன் 29, சனி

சில்லு,

மாற்ற மாட்டேன்.

ஒரே கட்டத்தை இரண்டு முறை தொட்டால் யார் தொட்டது என்று பட்டியலில் மேலே வந்து நிற்கும். முதல் முறை தொட்டதற்கே மேனேஜர், "இந்த ஒரு வரி மேல உனக்கென்னம்மா பாசம்?" என்று கேட்டுவிட்டார். சிரித்துச் சமாளித்தேன். இந்த வேலை போனால் உன் இடமும் போகும். அப்புறம் இரண்டு பேரும் சித்தி வீட்டுக்குத்தான் போக வேண்டும். அங்கே எட்டு வருஷம் யார் தட்டில் மிஞ்சியதை நாம் சாப்பிட்டோம் என்பது உனக்கு மறந்திருக்கலாம். எனக்கு மறக்கவில்லை.

அந்தப் பிள்ளைக்கு அக்கா இருக்கிறாளா என்று எனக்குத் தெரியாது. உனக்கு இருக்கிறாள். அவ்வளவுதான் நான் பார்ப்பேன்.

உனக்காக இன்னொன்றும் செய்திருக்கிறேன். அம்புக்குறிகளுக்கு நடுவே ஒரு வடிகட்டிப் பெட்டி வைத்துவிட்டேன். உங்கள் பள்ளியிலிருந்து வரும் எந்தக் குறிப்பிலாவது, எந்த மூலையிலாவது, 41 என்ற எண் இருந்தால் முழுக் குறிப்பும் தள்ளிவிடப்படும். அலமாரிக்கு வராது, அட்டவணையிலும் தெரியாது. நீ சொன்னதும் தெரியாது, உன்னைப் பற்றி யார் சொன்னதும் தெரியாது. ஒரு பெட்டி, ஒரு நிபந்தனை, வேலை பத்து நிமிஷம்கூட இல்லை. பெட்டிக்கு 'சுத்தம் செய்தல்' என்று பெயர் வைத்திருக்கிறேன். அந்தப் பெயரில் ஏற்கெனவே ஆறு பெட்டிகள் இருக்கின்றன, யாரும் திறந்து பார்க்க மாட்டார்கள்.

அந்தப் பிள்ளை பக்கத்தில் போகாதே. அவளோடு உட்கார்ந்து சாப்பிடாதே. பரிதாபப்பட்டு எதையாவது உளறி வைக்காதே.

அக்கா

*

ஜூலை 3, புதன்

அக்கா,

நான் அவள் பக்கத்தில் போகவில்லை. அவள்தான் வருகிறாள். கூடத்தில் யாரும் அவளோடு பேசக்கூடாது என்று உத்தரவு. ஆனால் நான் துணி மடிக்கும்போது வந்து எதிரே உட்கார்ந்து, ஒன்றும் பேசாமல் மறுமுனையைப் பிடித்துக்கொள்கிறாள். படுக்கை விரிப்பை மடிக்க இரண்டு பேர் வேண்டும் என்பதால் நான் வேண்டாம் என்று சொல்வதில்லை.

நேற்று ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் கலெக்டர் கத்தரிக்கோல் கொண்டுவந்தாள். தையல் வகுப்பிலிருந்து எடுத்தது. "ஒருத்தி செஞ்சா ஒருத்தி மேல பழி. எல்லாரும் செஞ்சா யார் மேலயும் இல்ல. ஆளுக்கு ஒரு வெட்டு" என்றாள். அந்தப் பிள்ளையை நாற்காலியில் உட்கார வைத்தார்கள். அவள் முடி இடுப்பு வரைக்கும் இருந்தது. நாங்கள் முப்பத்தெட்டு பேர். கட்டில் எண் வரிசைப்படி வந்தோம்.

என் முறை கடைசிக்குப் பக்கத்தில். வெட்டுவதற்கு ஏதும் மிச்சம் இருக்காது என்று நம்பிக்கொண்டே வரிசையில் நகர்ந்தேன். காதோரம் கொஞ்சம் இருந்தது.

நானும் வெட்டினேன், அக்கா. கத்தரி மழுங்கிப் போயிருந்ததால் இரண்டு முறை வெட்ட வேண்டியிருந்தது. கலெக்டர், "பாத்தியா, இவளுக்குத்தான் ஆசை அதிகம், ஒண்ணு போதலையாம்" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். சிரித்தது யார் யார் என்று நான் பார்க்கவில்லை, ஏனென்றால் நானும் சிரித்தேன்.

இன்று மதியம் மேடம் வந்திருந்தார். அந்தப் பிள்ளை தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு உள்ளே போனாள். கதவை மூடுவதற்கு முன்னால் திரும்பி விரலை நீட்டி என்னைக் காட்டி ஏதோ சொன்னாள். மேடம் என்னை எட்டிப் பார்த்தார். என் எண்ணை எழுதியிருக்கிறார், நிச்சயம். இரண்டு வெட்டு வெட்டியவள் நான் ஒருத்திதானே.

பதின்மூன்றாம் தேதி, சனிக்கிழமை, தலைமை அலுவலகத்திலிருந்து மூன்று பேர் விசாரணைக்கு வருகிறார்களாம். உன் பெட்டி வேலை செய்கிறதா என்று பார். அவள் சொன்னது வந்துவிடக்கூடாது. எப்படியாவது நிறுத்து.

சில்லு

*

ஜூலை 9, செவ்வாய்

சில்லு,

நீ கேட்டதற்கு முன்பே அது நின்றுவிட்டது. வடிகட்டி தன் வேலையைச் செய்திருக்கிறது. அட்டவணையில் அப்படி ஒரு குறிப்பே இல்லை. சனிக்கிழமை வருகிறவர்கள் கையில் இருக்கப்போகும் ஜூலை மாதத் தாளில் உங்கள் பள்ளிக்கு நேரே 'புகார் ஏதுமில்லை' என்று இருக்கும்.

தள்ளிவிடப்பட்டவை ஒரு மூலையில் ஏழு நாள் கிடக்கும். நேற்றுப் போய்த் திறந்து பார்த்தேன். பார்க்காமல் இருந்திருக்கலாம். நான் மட்டும் ஏன் சுமக்க வேண்டும், நீயும் தெரிந்துகொள்.

அந்தப் பிள்ளை முப்பத்தெட்டு பேரில் ஒருவர் பெயரையும் சொல்லவில்லை, கலெக்டரைத் தவிர. 'செய்தவர்' என்ற இடத்தில் ஒரே எண்தான், அது உன்னுடையது இல்லை. 41 வேறு இடத்தில் இருந்தது. உங்கள் மேடம் வழக்கம் போலப் புதிதாக ஒன்றைச் சேர்த்திருக்கிறார். 'உண்மையைச் சொல்லக்கூடியவர்'. அதற்கு நேரே 41. அடியில் அவள் சொன்னதை அப்படியே எழுதியிருக்கிறார்: "அந்த அக்கா மட்டும் கத்தரி படாம என் காதைக் கையால மூடிப் பிடிச்சாங்க. அவங்களைக் கேளுங்க, அவங்க பொய் சொல்ல மாட்டாங்க."

உன் எண்ணைச் சொல்லாமல் இருந்திருந்தால் அவள் குறிப்பு வந்து சேர்ந்திருக்கும்.

சனிக்கிழமை உன்னைக் கூப்பிட்டுக் கேட்கலாம். என்ன சொல்ல வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். நீ உண்மையைச் சொன்னால், அந்தக் குறிப்பு ஏன் வரவில்லை என்று தேடுவார்கள். தேடினால் ஏழாவது பெட்டியைத் திறப்பார்கள். அதைத் திறந்தால் உள்ளே என் பெயர் இருக்கும். அவ்வளவுதான். உன் இஷ்டம்.

அக்கா

*

ஜூலை 14, ஞாயிறு

அக்கா,

மூன்று பேர் வந்தார்கள். உணவுக்கூடத்தில் மேசையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்கள். நடுவில் இருந்தவர் தாளைப் புரட்டிவிட்டு, "இதுல எதுவுமே இல்லையே" என்றார்.

மேடம் தன் டேப்லெட்டை நீட்டினார். "இதோ சார், மூணாம் தேதி நான் எழுதினது."

"மேடம், உங்க பலகைல யார் வேணும்னாலும் என்ன வேணும்னாலும் எழுதலாம். இங்க வந்து சேர்ந்தாத்தான் பதிவு. உங்க பலகையே காட்டுது, ஏற்கெனவே ஒண்ணை எழுதிட்டு நீங்களே அழிச்சிருக்கீங்க, இல்லையா?"

மேடம் டேப்லெட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். அவர் அழித்தது எனக்காக.

"அப்ப அந்தப் பிள்ளை தலைமுடி?" என்று ஓரத்தில் இருந்த அம்மா கேட்டார்.

"பேன் சார், ஒரே பேன்" என்றாள் கலெக்டர். "கூடம் பூரா பரவிடும்னு நாங்கதான் சேர்ந்து வெட்டிவிட்டோம்." வார்டன் தலையாட்டினார்.

மேடம் விடவில்லை. "நாப்பத்தொண்ணைக் கேளுங்க. அவ சொல்லுவா" என்றார்.

நான் எழுந்து நின்றேன். நடுவில் இருந்தவர் நல்லவர் போலத்தான் இருந்தார். "சொல்லும்மா, என்ன நடந்துச்சு?" என்றார். அந்தப் பிள்ளை என்னைப் பார்த்துச் சிரித்தாள். வாயைத் திறந்தால் பல் தெரியும் என்று எப்போதும் கையை வைத்து மறைப்பாள், அன்று மறைக்கவில்லை.

"பேன் இருந்துச்சு சார்" என்றேன்.

சொன்ன பிறகுதான் நான் வேறு எதையும் சொல்ல நினைக்கவே இல்லை என்பது தெரிந்தது. உன் பெட்டியையும் நினைக்கவில்லை, சித்தி வீட்டையும் நினைக்கவில்லை. கலெக்டர் என்னைப் பார்த்து லேசாகத் தலையசைத்தாள். அது போதும் என்று இருந்தது.

இன்று காலை அந்தப் பிள்ளையின் அப்பா வந்து அவளை அழைத்துக்கொண்டு போனார். பொய்ப் புகார் சொன்னதற்காக அனுப்பிவிட்டார்கள். பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாசல் வரை போனவள், அப்பாவை நிற்கச் சொல்லிவிட்டு என்னிடம் ஓடி வந்தாள். வந்த முதல் நாள் உன்னைப் பற்றி அவளிடம் பெருமையடித்திருந்தேன், எங்கள் அக்கா தலைமை அலுவலகத்தில் கம்ப்யூட்டரில் பெரிய வேலை பார்க்கிறாள் என்று. அதை ஞாபகம் வைத்திருந்தாள்.

"பயந்துட்டீங்களாக்கா? பரவாயில்ல" என்றாள். அப்புறம் குரலைத் தாழ்த்தி, "நான் சொன்னது எங்கயோ வழியில நின்னுடுச்சாம்க்கா. உங்க அக்காகிட்ட கொஞ்சம் தேடிப் பாக்கச் சொல்றீங்களா?"

சொல்கிறேன் என்றேன்.

சொல்லிவிட்டேன்.

சில்லு